காருக்கு அடியில்

"மிதிங்க! நல்லா மிதிங்க! இப்போ காலை எடுத்தீங்க, என் கை முட்டி பேந்துடும்!"

முன்சக்கரம் கழற்றிய காரின் பக்கத்தில் மண்டியிட்டு, நீளக் கம்பியை உடம்பின் மொத்த பலத்தாலும் அழுத்தினாள் அவள்.

ஓட்டுநர் இருக்கையில் புருஷன். ஐந்தாவது கியரைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் விட்டால் இன்ஜினும் கூடவே சுற்றும், போல்ட் அசையாது.

டக்!

போல்ட் இளகியது. மணி பத்து நாற்பது.

பதினொன்றுக்கு டாக்ஸி கம்பெனி மேனேஜர் வந்துவிடுவார். அவர் அனுப்பிய இந்த வண்டியில், பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லியை ஒரு மணி நேரத்தில் மாற்றி, சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டவேண்டும். காட்டிவிட்டால் கம்பெனியின் நாற்பது வண்டிகளும் இனி இந்த ஷெட்டுக்குத்தான் வரும்.

அப்படித்தான் புருஷன் சொல்லியிருந்தான்.

நாற்பது வண்டி! அப்பா அவளுக்கு விட்டுப்போன ஷெட். மூன்று மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஷெட். இந்த வேலை கை நழுவினால் அடுத்த மாதம் இழுத்து மூடவேண்டியதுதான்.

பழைய புல்லியை உருவி எடுத்தாள். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவிலிருந்த ரப்பர் நைந்து, பிய்ந்து தொங்கியது. உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. பெல்ட் கத்தாமல் என்ன செய்யும்?

"அவர் வந்ததும் நீ தலையைக் காட்டாதே தாயே," என்றான் புருஷன். "பொம்பளை மெக்கானிக்குன்னா ரெண்டு தடவை யோசிப்பாரு."

"சரிங்க முதலாளி. வாய் உங்களுது, கை என்னுது. நம்ம குடும்பம் ஓடுறதே அப்படித்தானே?"

அவன் சிரித்தான். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் பேச ஆரம்பித்தால் போகிற வண்டி நின்று கேட்கும்.

புதுப் புல்லியைப் பள்ளம் பார்த்துப் பொருத்தினாள். மறுபடி பிரேக், மறுபடி கம்பி. அளவாக முறுக்கினாள். பெல்ட்டை ஏற்றி, சக்கரத்தை மாட்டினாள்.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஓடியது; பெல்ட்டில் ஒரு முனகல்கூட இல்லை.

பத்து ஐம்பத்தைந்து. இன்ஜினுக்குக் கீழே போகும் பிளாஸ்டிக் மூடி மட்டும் பாக்கி. வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டின்மேல் நின்ற காருக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

கீழே கிடந்த அவள் கண்ணுக்கு எதிரேயே, புருஷனின் இரண்டு கைகளும் பழைய ஆயில் தட்டில் இறங்கின. முழங்கைவரை பூசிக்கொண்டு நிமிர்ந்தன.

கள்ளன்! உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கறுப்பு ஷூ இரண்டு உள்ளே வந்தன. இன்ஜின் ஓடி, நின்றது.

"பிரமாதம்! நீங்க ஒருத்தரேவா செஞ்சீங்க?"

"ஒத்தை ஆள்தான் சார்."

"கீழே யாரு?"

"ஹெல்பர் சார்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருக்கட்டும். ஹெல்பரோ எடுபிடியோ, நாற்பது வண்டி வந்து சேர்ந்தால் போதும். சாயங்காலம் அவனை ஒரு வழி பண்ணிவிடலாம்.

காகிதம் பிரிக்கும் சத்தம்.

"இந்தாங்க ஆர்டர். திங்கக்கிழமை எங்க தலைமை ஒர்க்‌ஷாப்புல சேர்ந்துடுங்க. எட்டு மணி நேரப் பயணம், ஞாயித்துக்கிழமையே கிளம்பிடுங்க. தங்கறதுக்கு அங்கேயே ரூம் ஒதுக்கியாச்சு."

ஸ்க்ரூவில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

யார் சேர்வது? எந்த ஊரில்? வண்டிகள் இங்கே வருவதாகத்தானே பேச்சு?

மேனேஜரின் ஷூ புருஷனின் செருப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தது. குரல் தணிந்தது.

"வேலைக்கு நீங்க எழுதிக் கொடுத்த ஃபாரத்துல பார்த்தேன். சம்சாரம் தவறி ரெண்டு வருஷம் ஆச்சாமே. மனசைத் தேத்திக்கங்க."

ஒரு பெருமூச்சு. அவளுக்கு நன்றாகப் பழகிய பெருமூச்சு.

"என்ன சார் பண்றது," என்றான் புருஷன். "பழகிடுச்சு."