மேனேஜர் பார்த்த போட்டோ

"கதவைச் சாத்திட்டு வாம்மா" என்றார் மேனேஜர். டிசைனர் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். அவள் வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

"வெப்சைட் கட்டுற ஏதோ ஒரு தளத்துல பரீட்சை எழுதி, அவங்க கஸ்டமருக்குச் சிபாரிசு பண்ற சர்டிஃபைடு பார்ட்னர் ஆயிட்டியாமே? அவங்க தளத்துல உன் போட்டோ ஈன்னு இளிக்குது!"

பாஸானால் போட்டோவை ஊருக்கே காட்டுவார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"லீவு நாள்ல மட்டும்தான் வெளி ஆளுங்களுக்கு வெப்சைட் செஞ்சு தர்றேன் சார். வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க."

"கஸ்டமர் வர்றாங்களா?"

"சமாளிக்க முடியாத அளவுக்கு வர்றாங்க சார். இன்னியோட நிறுத்திடறேன்."

"ஐயோ, நிறுத்திடாதே!" மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இந்த மாசத்தோட என்னையே கம்பெனியை விட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா. வேலை தேடித்தான் அந்தத் தளத்துக்கே போனேன். உனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க சார். ஆனா லீவு மட்டும் அடிக்கடி கேக்கக் கூடாது."