வள்ளியாத்தாள் சிரித்த படம்

“உங்கம்மா சிரிச்ச சிரிப்புல கொல்லிமலைக் காடே வெளிச்சமாயிருச்சு சாமி. மரத்துல இருந்த கொரங்கெல்லாம் கண்ணு கூசிக் கையால மூஞ்சிய மூடிக்கிச்சு” என்றார் சின்னண்ணன்.

மகள் சௌந்தர்யா நம்பவில்லை. கல்யாணப் படத்திலேயே திருடனைப் பார்ப்பதுபோல் முறைத்தவள் அம்மா.

சொந்தக்காரர்கள் வருவதற்குள் போர்டு கட்டியாக வேண்டும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் படத்துக்காகக் காத்திருந்தார். சௌந்தர்யா அப்பாவின் செல்போனில் தேடினாள். ஒரு படத்தில் மரம் தெளிவாக இருந்தது, அம்மா கலங்கலாக இருந்தாள். இன்னொன்றில் வெயில் பின்னால் விழுந்து முகம் கரிக்கட்டையாகியிருந்தது.

“காட்டு வெளிச்சம் சொன்ன பேச்சு கேக்காது சாமி. இந்தப் பக்கம் நிறுத்துனா இருட்டு. அந்தப் பக்கம் நிறுத்துனா மூஞ்சியெல்லாம் எலை நெழலு, வரிப்புலியாட்டம். நாலாயிரம் படம் எடுத்தேன். அலுக்காம நின்னா.”

“படம்னாலே ஓடுறவங்க எப்படிங்கப்பா நின்னாங்க?”

“அவதான் கூட்டிட்டுப் போகச் சொன்னா. டாக்டர் நாள் குறிச்சுச் சொன்ன அன்னிக்கே, ‘என் கண்ணீர் அஞ்சலி போர்டுல ஆஸ்பத்திரி மூஞ்சி வேண்டாமுங்க, பச்சையா ஒரு எடத்துல நிக்க வெச்சு எடுங்க’ன்னா.”

சௌந்தர்யாவின் விரல் கடைசிப் படத்தில் நின்றது. முகமெல்லாம் இலை நிழல். நடுவில் பல் தெரிய அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னீங்க அம்மாகிட்ட?”

“‘போர்டுலயும் மொறைச்சீன்னா, துக்கத்துக்கு வாரவன் அப்படியே திரும்பிப் போயிருவான்’னேன்.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “மூஞ்சியில இருக்குற நெழலை அழிச்சுரலாமுங்களா?”

“வேண்டாமுங்க” என்றாள் சௌந்தர்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அப்பா சொன்னது நெசந்தான். காடே வெளிச்சமாத்தான் இருக்குது.”