பழைய மவுசு

"பழைய மவுசு போச்சுடி. ஒண்ணுத்துக்கும் உதவாம மூலையில கிடக்குது. எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளினாத்தான் எனக்கு நிம்மதி!"

சமையலறையில் மருமகள் தோழியிடம் போனில் பேசியது கூடம் வரை கேட்டது.

கூடத்து மூலையில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடமாகியும் முதுகு மட்டும் வளையவில்லை. எதிரே, காலையில்தான் வந்திறங்கிய அக்கா. அவள் காதில் ஒன்று விழுந்தால் உறவு முழுக்கத் தந்தி அடித்த மாதிரி.

"கேட்டியாடா? உன்னைத்தான் சொல்றா! நம்ம குடும்பத்துப் பெரியவனுக்கு இந்த மரியாதையா?"

வெளியே வந்த மருமகளின் முகம் வெளிறிப்போனது.

"ஐயோ அத்தை! நான் கம்ப்யூட்டர் மவுஸைச் சொன்னேன்."

"அது என்னடியம்மா மவுஸு?"

"எலி மாதிரி இருக்கும் அத்தை. கையில பிடிச்சு நகர்த்தறது..."

"எலியாம், எலி! யார் காதுல பூ சுத்தறே? நான் பார்க்காத எலியா?"

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அலுப்பாக இருந்தது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரே அதான். மருமக நேத்தே புதுசு வாங்கிட்டு வரச் சொல்லிச்சு, நான்தான் மறந்து தொலைச்சேன். உனக்கு எப்பவும் அவசரம். சிக்னல் விழறதுக்கு முன்னாடியே வண்டியைக் கிளப்பிடுவே."

"அட, அதானா! வாய் முந்திக்கிச்சும்மா, மனசுல வச்சுக்காதே" என்று அக்கா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் தலை நிமிரவில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் தெரிந்தவரின் கம்ப்யூட்டர் கடை இருந்தது. அதைத் தாண்டி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச நாலு தெரு நடந்து, முன்பின் பார்த்திராத ஒரு கடையில் ஏறினார்.

"மவுஸ் ஒண்ணு வேணும்மா."

கடைக்காரப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க ஐயா. பழசு எப்படி? ஒயர் வச்சதா, இல்லாததா?"

அவர் முதுகு அப்போதுதான் கொஞ்சம் வளைந்தது.

"எங்க வீட்டுல மவுஸே இருந்ததில்லம்மா. பழசுன்னு இருக்கிறது நான் மட்டும்தான்."