பழைய கவுன்

முதலாளி அந்தக் கவுனைத் தையல்காரியின் மேசையில் விரித்தார்.

“பழைய துணிக்கடையில சிக்குச்சு. அறுபது வருஷப் பழசாம். உனக்குத்தான் பழைய கவுன்னா உசுராச்சே, கழுத்து வெட்டைப் பாரு. அப்படியே நூறு தைக்கணும். உன் சொந்தச் சரக்கை நடுவுல நுழைக்காதே.”

அவள் கைமடிப்பைப் புரட்டினாள். உள்ளே இரண்டு விரற்கடைக்கு மட்டும் பச்சை நூல்.

“இப்படித் தைக்க இன்னிக்கு யாரு இருக்கா? தைச்சவ எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பா,” என்றார் முதலாளி.

போன மாதம், வீட்டுப் பழைய திரைச்சீலையை வெட்டி, தானே வரைந்து தைத்த கவுனை அவள் ஆசையாய்க் கொண்டுவந்தாள். அவர் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் திருப்பித் தந்தார். வெறுத்துப்போய், வழியிலிருந்த பழைய துணிக்கடையில் போட்டுவிட்டாள். கைமடிப்பில் வெள்ளை நூல் தீர்ந்துவிட, மிச்சத்தைப் பச்சையில் ஓட்டியிருந்தாள்.

“ஆமாங்கய்யா, போயிட்டா,” என்றவள், அளவெடுக்காமலேயே துணியை வெட்டத் தொடங்கினாள்.