பின்னால் போகும் தெரு

“காலைக் காட்டாம எடுத்திருக்கே பாரு, அதுலயே உன் திருட்டுத்தனம் தெரிஞ்சுபோச்சு” என்றார் பேராசிரியர்.

திரைப்பட வகுப்பின் திரையில், மாணவியான அவளுடைய பரீட்சைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள் அக்கா, இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய, கேமராவை நேராகப் பார்த்து நடந்து வருகிறாள். சுற்றிலும் தெருவே பின்பக்கமாகப் போகிறது. தையல்காரர், தள்ளுவண்டிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பின்னோக்கி நடக்கிறார்கள். தூரத்தில் ஒரு தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே வருகிறது.

“இந்தப் பாட்டு வீடியோவைப் பார்த்துத்தானே எடுத்தே?”

பேராசிரியர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அதிலும் ஒரு பாடகி முன்னால் வர, ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“ஆமா சார். அதைப் பார்த்துத்தான்.”

“அது தப்பில்ல. அந்தம்மா பின்பக்கமா நடந்தாங்க, அப்புறம் படத்தைக் கடைசியிலேர்ந்து முதலுக்குத் திருப்பி ஓட விட்டாங்க. அவங்க இஷ்டம். நம்ம பரீட்சைக்கு விதி என்ன?”

“ஒரே ஷாட். எடுத்தது எடுத்தபடி இருக்கணும். கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாது.”

“தெரிஞ்சேதான் திருப்பியிருக்கே.”

“திருப்பலை சார்.”

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அப்ப கேமராவுல இருக்கிற ஒரிஜினலைக் காட்டு.”

“கேமராவை வாங்கின அடுத்த டீம் மெமரி கார்டை அழிச்சுட்டாங்க சார்.”

“ரொம்ப வசதியாப் போச்சு! பின்னாடி நடக்கிற கால் தெரிஞ்சுடும்னுதானே இடுப்போட நிறுத்தினே?”

“இல்ல சார். காலைக் காட்ட வேண்டாம்னு அக்கா சொன்னா.”

“ஏன்?”

காரணத்தை அவள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

“இங்க பாரு, தப்பை ஒத்துக்கிட்டு ஒரு சாரி சொல்லு. வேற படம் எடுத்துட்டு வா. இல்லேன்னா ஃபெயில்தான். வருஷம் போயிடும்.”

நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பெண் அவள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வருஷம் போனாப் போகட்டும் சார். செய்யாத தப்புக்கு சாரி சொல்ல மாட்டேன்.”

“அவ்வளவு திமிரா?” பேராசிரியர் பேனா மூடியைக் கழற்றினார்.

கதவு படீரென்று திறந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா உள்ளே வந்து நின்றாள்.

“அக்கா, நீ போ. ஒண்ணும் சொல்லாதே.”

“நீ சும்மா இருடி. உனக்கு யாரும் பாவம் பார்த்து மார்க் போட்டுடக் கூடாதேன்னுதான் மறைக்கச் சொன்னேன். திருடின்னு பட்டம் வாங்கிட்டு நிக்கவா சொன்னேன்?”

பிறகு அக்கா திரையின் பக்கம் கையை நீட்டினாள்.

“சார், அந்த நாயை நல்லாப் பாருங்க. எங்க தெருவுலயே அது ஒண்ணுதான் சொன்ன பேச்சைக் கேக்கல.”

பேராசிரியர் படத்தை மறுபடி ஓட விட்டார். தள்ளுவண்டி பின்னால் போனது. பிள்ளைகள் பின்னால் போனார்கள். நாய் மட்டும் முன்னால் வந்தது. திருப்பிய படம் என்றால் அதுவும் பின்பக்கமாகத்தான் போயிருக்கும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சொன்ன பேச்சுன்னா... என்னம்மா சொல்றே?”

அக்கா குனிந்து, பேண்ட்டின் வலது காலை முழங்கால் வரை சுருட்டி ஏற்றினாள். திரை வெளிச்சத்தில் பிளாஸ்டிக் காலும் எஃகுக் கணுக்காலும் பளபளத்தன.

“எனக்குப் பின்பக்கமா நடக்க வராது சார். அதனால எனக்குப் பதிலா தெரு நடந்துச்சு.”