இங்கே தெரியாத வீடியோ

"கை ஆடாம நல்லாத்தான் எடுத்திருக்கீங்க டீச்சர். இப்ப அழிச்சிடுங்க" என்றார் காவல் நிலையத்தில் எதிரே உட்கார்ந்திருந்த உதவி ஆய்வாளர்.

ஏரியில் மண் அள்ளும் அமைச்சரின் ஆட்களைப் பற்றி எழுதிய லூர்துவை, சீருடை இல்லாத நான்கு பேர் வேனில் ஏற்றிப் போன வீடியோ அது. அவனுடைய அக்கா சலேத் மாடியிலிருந்து எடுத்துப் பதிவிட்டிருந்தாள்.

"இங்க யாருக்கும்தான் அது தெரியலையே சார். அரசு உத்தரவுப்படி இந்த நாட்டில காட்ட முடியாதுன்னு வருது."

"மஸ்கட்ல தெரியுதே. காலையில உங்க தங்கச்சி பார்த்துட்டு போன்ல அழுதாங்கல்ல?"

"அவ போன் பண்ணினத நான் யார்கிட்டயும் சொல்லலையே."

அவர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆறிடப்போவுது, குடிங்க. நீங்க அழிச்சா தம்பி சாயங்காலமே வீட்டுக்கு வந்துருவான்."

"அப்படி ஒருத்தன இங்க கூட்டிட்டே வரலைன்னு நேத்து நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அவர் அவள் கையிலிருந்த போனைச் சுட்டிக்காட்டினார். 'நிரந்தரமாக நீக்கவா?' என்ற கேள்வி அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே காத்திருந்தது. அவனைக் கொண்டுபோனதற்கு வேறு சாட்சி இல்லை.

சலேத் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "அவன் வரட்டும் சார். அவன் கையாலேயே அழிக்கச் சொல்றேன்."

பதில் சொல்வதற்கு முன்னால் அவருடைய பார்வை, பூட்டியிருந்த உள்ளறைக் கதவுக்கு ஒருமுறை போய்த் திரும்பியது. சலேத் எழுந்து, நாற்காலியை அந்தக் கதவைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.