புகைக்குழாய் இல்லாத வண்டி

“பொகை போற கொழாயவே காணோமே! என்ன வண்டி இது?”

புதுக் காரின் பின்பக்கம் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள் சந்திரவல்லி.

“கரண்டு வண்டி அத்தே. பொகையே வராது,” என்றாள் முத்துப்பிரியா. இன்னும் பதினெட்டு நாளில் அவள் சந்திரவல்லியின் மருமகள். பெண் வீட்டுச் சீராக ஒரு கார் என்று பேச்சு. அதைப் பார்க்கத்தான் இரண்டு குடும்பமும் போடியில் அந்த ஷோரூமுக்கு வந்திருந்தன.

பெண்ணைப் பெற்ற கோட்டைச்சாமிக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. சம்பந்தி வீட்டார் கேட்டது எட்டுப் பேர் உட்காரும் டீசல் வண்டி. மகளோ இந்தக் கரண்டு வண்டியைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறாள். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு ஒரு காரால் கல்யாணம் நின்றுபோனால் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? போன மாதம் “எனக்கு அந்த வீடு வேணாம்ப்பா” என்று அவள் அழுதபோதே, “தாம்பூலம் மாத்தியாச்சு, பேசாத” என்று வாயை அடைத்த மனுஷர் அவர். இப்போது அவருக்கே வாய் அடைத்துப்போயிருந்தது.

“நம்ம வீட்ல எட்டுப் பேரு இருக்கோம் அண்ணே. நல்லது கெட்டதுன்னா மெட்டுலருந்து எல்லாரும் ஒண்ணாத்தான் எறங்கணும். இதுல அஞ்சு பேரு ஒக்காந்தாலே மூச்சு முட்டிப்போகும்!” என்று சந்திரவல்லி அவரைப் பிடித்துக்கொண்டாள். போடிக்கு மேலே மலையுச்சியில், போடிமெட்டில் அவர்களுக்குச் சொந்தமாக ஏலக்காய்த் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயேதான்.

“எட்டுப் பேருக்குத்தான் ரெண்டு ஜீப்பு நிக்குதே அத்தே,” முத்துப்பிரியா முந்திக்கொண்டாள். “மூணாவதா ஒண்ணு பொகையக் கக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள சுத்துனா தேனீ அண்டுமா? தேனீ வராட்டி ஏலப்பூவு எப்படிக் காயாகும்?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. போன வருஷம் காய்ப்பு குறைந்ததற்கு சந்திரவல்லி இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மழையைத் திட்டியாயிற்று, பூச்சிமருந்துக் கடைக்காரனைத் திட்டியாயிற்று. புகையைத் திட்டத் தோன்றவில்லையே!

“நம்ம தோட்டத்து மேல எம்புட்டு அக்கறை பாத்தியாம்மா!” மாப்பிள்ளை விஜயகுமார் பூரித்துப்போனான்.

“அது சரிடா. ஆனா இது சின்ன வண்டி, இவ மட்டும் ஓட்டிக்கிட்டுத் திரியத்தான் ஆகும். பொம்பளைக்குத் தனி வண்டி என்னத்துக்கு?” என்றாள் சந்திரவல்லி. “மலையில எஸ்டேட் வீட்டுப் பொம்பளைக தனியா நின்னு கையைக் காட்டுனா, வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்காம எந்த ஜீப்புக்காரனும் ஏத்த மாட்டான். அம்புட்டு மரியாத!”

“இருக்கட்டுமே அத்தே. வெள்ளிக்கெழமை தவறாம ஒங்களக் கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

சந்திரவல்லியின் முகம் இளகிவிட்டது. அவள் பெற்ற பிள்ளைகளில் ஒன்றுகூட இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

ஷோரூம்காரர் சீட்டைக் காட்டினார், பாட்டுப் பெட்டியைக் காட்டினார், எத்தனையோ சொன்னார். முத்துப்பிரியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மலை எறங்குறப்போ எப்படி?”

“எறங்குறதுக்குக் கவலையே வேணாம் மேடம். பிரேக் பிடிக்கப் பிடிக்க அதுவே சார்ஜ் ஏத்திக்கிரும். கொஞ்சூண்டு சார்ஜ் இருந்தாலும் மெட்டுலருந்து போடி வந்து சேந்துரலாம். ஏறுறப்பதான் ரொம்பக் குடிக்கும்.”

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அதுவரை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுஜாதா எழுந்து, விந்தி விந்திப் பக்கத்தில் வந்தாள். முத்துப்பிரியாவின் அக்கா. அவளையும் மெட்டுப் பக்கம்தான் ஒரு எஸ்டேட் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்திருப்பதாக ஊரில் சொன்னார்கள். கார்த்திகை பிறந்தும் அவள் திரும்பிப் போகவில்லை.

“ஸ்டார்ட் ஆயிருச்சா? சத்தமே கேக்கலையே!” என்றாள் சுஜாதா.

“அதான்க்கா இதுல விசேஷம். பக்கத்து ரூம்ல படுத்திருக்கவகளுக்குக் கூடக் கேக்காது,” என்றாள் தங்கை.

ஒருவழியாகச் சந்திரவல்லி தலையாட்டினாள். “சரி, புள்ள ஆசப்படுது. தேனீ வந்தாச் சரிதான்!” சம்பந்தி வீட்டார் தங்கள் ஜீப்பில் ஏறி, கறுப்புப் புகையை ஷோரூம் வாசலில் விட்டுவிட்டு மெட்டுக்குப் புறப்பட்டார்கள்.

ஜீப் மறையும் வரை சிரித்துக்கொண்டே நின்ற கோட்டைச்சாமி, மறைந்ததும் மகள் மேல் பாய்ந்தார்.

“தேனீயாம், பொகையாம்! எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. இம்புட்டுப் பிடிவாதம் ஏன் தாயி? அவுக கேட்டத வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்ல? நாளப்பின்ன மெட்டு ஏறுறப்ப பாதியில சார்ஜ் தீந்து நின்னா என்ன செய்வே?”

முத்துப்பிரியா அக்காவின் காலைப் பார்த்தாள்.

“அடி தாங்காம ஓடியாந்த அக்காவ ஒரு ஜீப்புக்காரனும் ஏத்தலேல்லப்பா? மலை ரோட்டுல பதினேழு வளைவும் நடந்தேதான வந்து சேந்துச்சு?”

சுஜாதா காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“மெட்டு ஏறாட்டியும் பரவால்லப்பா. எறங்கி வந்தாப் போதும்.”